கூட்டம் மீண்டும் கூடுகிறது: நம் விருந்துகளும் உள்ளூர் வணிகமும்

அல்ஹம்துலில்லாஹ்! இரண்டு ஆண்டுகளாக நம்மைக் கட்டிப்போட்டிருந்த கொரோனா கட்டுப்பாடுகள் 2022இல் ஒவ்வொன்றாக விலகின. தமிழ்நாட்டில் திருமணங்களுக்கு 2022 ஜனவரியில் 100 பேருக்குத்தான் அனுமதி இருந்தது. பிப்ரவரி 16 முதல் அது 200 ஆனது. மார்ச் 3 முதல் 500 ஆனது. சமுதாய, கலாச்சாரக் கூட்டங்களுக்கு இருந்த தடையும் அதே நாளில் நீக்கப்பட்டுவிட்டது.

அப்போது ரமளான் நெருங்கியிருந்தது. அதைத் தொடர்ந்து ஷவ்வால். இரண்டாண்டாகத் தள்ளிப்போட்ட நிக்காஹ்கள், அப்போது சுருக்கமாக முடித்துவிட்டு "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்ட வலீமாக்கள், மதரஸா ஆண்டு விழாக்கள் எல்லாம் வரிசையாக வரத் தொடங்கின. மண்டபத்துக்குத் தேதி கேட்டுப் பலர் அலைந்தார்கள்.

நம் குடும்பங்கள் உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் விருந்துகள் பழையபடியே திரும்பி வர வேண்டுமா? அந்த விருந்துகளில் நாம் செலவழிக்கும் பணம் யாருக்குப் போய்ச் சேர வேண்டும்?

ஐம்பது பேர் திருமணத்தில் நாம் கண்டது

2020இல் ஊரடங்கு வந்தபோது திருமணத்துக்கு 50 பேர் என்றார்கள். எத்தனையோ வீடுகளில் அன்று கண்ணீர் வந்தது. பெரியத்தா வர முடியாது, சவூதியில் இருக்கும் மாமா வர முடியாது என்ற வருத்தம். ஆனாலும் நிக்காஹ் நடந்தது. மஹர் கொடுக்கப்பட்டது, சாட்சிகள் இருந்தார்கள், துஆ ஓதப்பட்டது. மார்க்கம் கேட்ட எதுவும் குறையவில்லை. கடன் வாங்காமல் மகளைக் கட்டிக் கொடுத்த தகப்பன்மார்கள் நிம்மதியாக மூச்சுவிட்டதையும் நாம் பார்த்தோம்.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. எளிமையைப் பாராட்டும்போது அதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஒரு வலீமாவை நம்பி எத்தனை அடுப்புகள் எரிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். பிரியாணி பண்டாரி, அவருடன் வெங்காயம் நறுக்க வரும் நான்கு பேர், கறிக்கடைக்காரர், பாத்திர வாடகைக் கடை, பந்தல் போடுபவர், அழைப்பிதழ் அச்சடிப்பவர், மருதாணி போடும் பெண்கள், துணி தைப்பவர்கள், பூக்காரம்மா, வேன் ஓட்டுநர். ஐம்பது பேர் திருமணத்தில் இவர்களில் பலருக்கு வேலையே இல்லை. தேக்சாக்கள் கவிழ்த்து வைத்த இடத்திலேயே கிடந்தன. கட்டுமான வேலைக்குப் போன பண்டாரிகள் உண்டு. தையல் இயந்திரத்தை விற்றவர்களும் உண்டு.

ஆகவே, "செலவைக் குறையுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது பாதி உண்மைதான். எந்தச் செலவைக் குறைப்பது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். குப்பைக்குப் போகும் செலவைக் குறைப்போம். ஊரில் ஒருவரின் உழைப்புக்குக் கூலியாகப் போகும் செலவைக் காப்போம். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அவ்வளவுதான்.

கடைத்தெருவும் வலீமாவும் ஒரே ஹதீஸில்

அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி நமக்குத் தெரிந்ததுதான். புகாரியில் பதிவாகியுள்ளது. மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறுங்கையுடன் மதீனா வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள், மதீனாவின் செல்வந்தர்களில் ஒருவரான சஅத் பின் ரபீஃ (ரலி) அவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே சகோதர உறவை ஏற்படுத்தினார்கள். சஅத் (ரலி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அதற்காக துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் வாங்கி விற்று வியாபாரத்தைத் தொடங்கினார்கள். சில நாள்களில் திருமணமும் ஆயிற்று. ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னது அப்போதுதான்.

ஓர் ஆட்டையேனும் என்ற அந்தச் சொல்லை நாம் ஒவ்வொரு வலீமா அழைப்பிதழிலும் நினைவுகூர்கிறோம். அதே ஹதீஸின் முதல் பாதியில் இருக்கும் கடைத்தெருவை மறந்துவிடுகிறோம். வெளியூரிலிருந்து வந்தவருக்கு ஊர்ச் சந்தையில் இடம் கிடைத்தது. அந்த வருமானத்திலிருந்து விருந்து வந்தது.

கைபரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது நபி (ஸல்) அவர்கள் கொடுத்த வலீமாவில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்பில் பேரீச்சம்பழம், பாலாடைக்கட்டி, நெய் ஆகியவை வைக்கப்பட்டன. கையில் இருந்ததைக் கொண்டு நடந்த நிறைவான விருந்து அது. செல்வந்தர்களை அழைத்துவிட்டு ஏழைகளை விட்டுவிடும் வலீமா உணவே உணவுகளில் மோசமானது என்ற எச்சரிக்கையும் ஹதீஸில் இருக்கிறது. அழைப்பிதழ்ப் பட்டியலைச் சுருக்கும்போது இதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். எண்ணிக்கையைக் குறைக்கிறோம் என்று சொல்லி ஏழை உறவுகளின் பெயரை அடிக்கக் கூடாது.

வீணாவது எங்கே?

ஒரு சாதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 பேருக்குச் சமைக்கச் சொல்கிறோம், 450 பேர் வருகிறார்கள். 150 பேர் சாப்பாடு மிச்சம். ஒரு கிலோ அரிசி பிரியாணி எட்டுப் பேருக்கு என்று கொண்டால் ஏறக்குறைய 19 கிலோ அரிசி, அதே அளவு கறி. கறி கிலோ 700 ரூபாய் என்று வைத்தாலும், கறியில் மட்டும் 13,000 ரூபாய்க்கு மேல். ஒரு கைம்பெண்ணின் வீட்டுக்கு இரண்டு மூன்று மாதத்திற்கான மளிகைச் செலவு அது.

இதைத் தவிர்க்கப் பெரிய வித்தை தேவையில்லை. விருந்துக்கு மூன்று நாள் முன்பு, வீட்டுக்கு இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்து, அழைத்தவர்கள் அனைவருக்கும் ஒரு போன் செய்யச் சொல்லுங்கள். எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வருவதாகச் சொன்னவர்களும் வர முடியாவிட்டால் உடனே தெரிவிப்பது கடமை என்று நினைக்க வேண்டும். பண்டாரியிடம் கடைசித் தேக்சாவுக்கு அரிசி போடாமல் வைத்திருக்கச் சொல்லலாம். முதல் பந்தி உட்கார்ந்ததும் கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். அனுபவமுள்ள பண்டாரிகள் இதற்கு ஒப்புக்கொள்வார்கள். அரிசி குறைந்தாலும் பேசிய கூலியைக் குறைக்க மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் மகிழ்ச்சியாகவே செய்வார்கள்.

இலையில் படாத உணவு மிச்சமானால், சூடு ஆறும் முன்பே கொடுத்துவிட வேண்டும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே ஆறவிட்டு வைத்துப் பிறகு ஏழைகளுக்குக் கொடுப்பது தர்மம் ஆகாது. யாருக்குக் கொடுக்கப் போகிறோம், யார் எடுத்துப் போவார்கள் என்பதை விருந்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர் பாட்டில். 450 பேருக்கு ஆளுக்கு இரண்டு சிறிய பாட்டில்கள் என்றால் 900 பாட்டில்கள். 300 மில்லி பாட்டில் என்றால் மொத்தத் தண்ணீர் 270 லிட்டர். இதையே 20 லிட்டர் கேன்களில் வாங்கினால் 14 கேன்கள் போதும். கேன் போடுபவர் நம் தெருக்காரர். பாத்திரக் கடையில் வாடகைக்கு எடுக்கும் எவர்சில்வர் டம்ளர்களைக் கழுவ இரண்டு பேருக்கு வேலை கிடைக்கும். பாதி குடித்துவிட்டு வைத்த பாட்டில்கள் மேசையெங்கும் கிடப்பதும் நிற்கும்.

தட்டுகளைப் பொறுத்தவரை நம்மிடமே ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் சஹனில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது தலைமுறை தலைமுறையாக வந்தது. தட்டுக் குப்பை கிடையாது, உணவு மிச்சமாவதும் குறைவு. தொற்றுக் காலத்தில் அது நின்றுபோய், பிளாஸ்டிக் டப்பாவில் பார்சல் கட்டி வீடுவீடாகக் கொடுக்கும் பழக்கம் வந்தது. அன்றைக்கு அது தேவையாக இருந்தது. இனியும் தொடர வேண்டியதில்லை. இப்போதைக்கு ஒரே வீட்டில் வசிப்பவர்கள் மட்டும் ஒரு சஹனில் உட்காரலாம். மற்றவர்களுக்கு வாழை இலையோ பாக்குமட்டைத் தட்டோ போடலாம்.

நோன்புக் கஞ்சியும் இப்படித்தான். 2020 ரமளானில் பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்ச முடியாமல் அரிசியாகவே வீடுகளுக்குக் கொடுக்கப்பட்டது. இப்போது அஸருக்குப் பிறகு மீண்டும் வரிசை நிற்கிறது. பிள்ளைகள் கையில் தூக்குவாளியைக் கொடுத்து அனுப்புவோம். சுடுகஞ்சியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி வாங்கி வர வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பலருக்கும் தெரியாத விஷயம் இது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. நம் விருந்துகளில் சர்வ சாதாரணமாகப் புழங்கும் பல பொருள்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், தண்ணீர் பாக்கெட், உறிஞ்சு குழல் ஆகியவை அவற்றில் சில. துணி போலவே தோன்றும் நெய்யாத பைகளும் தடைக்கு உட்பட்டவைதான். தேங்காயும் இனிப்பும் போட்டுக் கொடுக்கும் வண்ணப் பைகளில் பெரும்பாலானவை அந்த வகை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் பிளாஸ்டிக் தட்டு, கப், கரண்டி போன்றவற்றுக்கு மத்திய அரசின் தடையும் உள்ளது.

இன்னொன்று. திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி, மண்டபம் போன்ற உரிமம் பெற்ற இடம் அல்லாத வேறிடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி நடத்துபவர்கள், மூன்று வேலை நாள்களுக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். குப்பையை இடத்திலேயே பிரித்து ஒப்படைப்பதும் அவர்கள் பொறுப்பு. தெருவை அடைத்துப் பந்தல் போட்டு விருந்து வைக்கும் நம் ஊர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். விருந்து முடிந்த மறுநாள் காலையில் அந்தத் தெருவைக் கூட்ட வரும் தூய்மைப் பணியாளரும் மனிதர்தான். எலும்பும் இலையும் பிளாஸ்டிக்கும் கலந்து கிடப்பதை அவர் வெறும் கையால் பிரிக்கும் நிலையை நாம் உண்டாக்கக் கூடாது. இரண்டு தொட்டிகள் வைத்து, அருகில் ஒரு இளைஞரை நிறுத்தினால் போதும்.

ஊர் வணிகர்களை ஊர் அறிய வேண்டும்

ஊரடங்குக் காலத்தில் நம் வீடுகளில் சத்தமில்லாமல் ஒரு மாற்றம் நடந்தது. வேலையிழந்த சகோதரர்களும், குடும்பத்தைத் தாங்க முன்வந்த சகோதரிகளும் வீட்டிலிருந்தே தொழில் தொடங்கினார்கள். சமோசா, வட்டிலப்பம், ஊறுகாய், பர்தா தையல், அத்தர், மருதாணி என்று வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துச் செய்தார்கள். கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் பெரிய விருந்துகள் எல்லாம் நகரத்து கேட்டரிங் காண்ட்ராக்ட் கைக்குப் போய்விட்டால், இந்தச் சிறு தொழில்கள் வளரும் முன்பே கருகிவிடும்.

இவர்களுக்குத் திறமை இருக்கிறது. இப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே அடுத்த தெருவுக்குத் தெரிவதில்லை என்பதுதான் பிரச்சினை. ஒவ்வொரு மஹல்லாவிலும் மூன்று வேலைகளைச் செய்யலாம்.

ஒன்று, தொழில் பட்டியல். யார் என்ன செய்கிறார், எவ்வளவு ஆர்டர் எடுக்க முடியும், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதை ஒரே தாளில் எழுதி ஜமாஅத் அலுவலகத்தில் வைக்கலாம். நிக்காஹ் பதிவுக்கு வரும் குடும்பத்தாரிடம் அந்தத் தாளில் ஒரு பிரதியைக் கொடுத்துவிடலாம். பெண்களின் தொடர்பு எண்களை அவர்கள் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது. வீட்டார் எண்ணைப் போடலாம். பட்டியலில் நம் தெருவில் தொழில் செய்யும் பிற சமயத்துச் சகோதரர்களையும் சேர்க்க வேண்டும். இலைக்காரரும் பூக்காரரும் காய்கறிக்காரரும் நம் விருந்துகளில் எப்போதும் பங்காளிகளே. நபி (ஸல்) அவர்கள் தம் கவசத்தை ஒரு யூதரிடம் அடகு வைத்துக் குடும்பத்துக்கு வாற்கோதுமை வாங்கியிருக்கிறார்கள். சந்தைக்கு அந்த விசாலம் வேண்டும்.

இரண்டு, மாதம் ஒரு சந்திப்பு. இஷாவுக்குப் பிறகு ஒரு மணி நேரம், திறந்த இடத்தில், தேநீரோடு. தங்களுக்கு என்ன தேவை, யாரிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று வணிகர்கள் பேசிக்கொள்ளட்டும். மாவு அரைப்பவரும் இடியாப்பம் விற்பவரும் ஒருவரையொருவர் அறிந்தால் இருவருக்கும் லாபம். நான்கு சிறு சமையல் குழுக்கள் சேர்ந்தால் ஒரு பெரிய வலீமாவை எடுக்கலாம். பெண்களுக்கென்று தனிச் சந்திப்பு மதரஸாவில் நடத்தலாம்.

மூன்று, பதிவு. 2022இல், வீட்டில் உணவு தயாரித்து விற்பவர்களின் ஆண்டு விற்பனை 12 லட்ச ரூபாய்க்குள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் அடிப்படைப் பதிவு போதுமானதாக இருந்தது. அப்போது கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்குக் கட்டணமே இல்லை. ஆதாரைக் கொண்டு இணையத்தில் செய்துகொள்ளலாம். இதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் ஏமாற வேண்டாம். படித்த நம் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசல் அருகே மடிக்கணினியோடு உட்கார்ந்தால் ஒரு மஹல்லாவின் பதிவு வேலை முடிந்துவிடும்.

பைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பர் 23 அன்று தமிழ்நாடு அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. விருந்தில் நெய்யாத பைகளுக்குப் பதில் 150 துணிப்பைகள் தைக்கச் சொன்னால், தையல் தெரிந்த ஒரு சகோதரிக்குச் சில நாள் வேலை. சட்டத்துக்கும் சரி, வாங்கிப் போகிறவர்களுக்கும் ஆண்டுக்கணக்கில் பயன்.

அன்பளிப்பும் அப்படியே. திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் நம் லெப்பை குடும்பத்துப் பெண்கள் நெய்யும் கோரைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மணமக்கள் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாய் அங்கே பெயர் பெற்றது. பீங்கான் செட்டுகளை அடுக்கி வைப்பதை விட, நெய்தவரின் கூலியும் சேர்ந்து போகும் இப்படி ஒரு பொருளைக் கொடுக்கலாமே!

உள்ளூரில் வாங்கினால் எல்லாமே மலிவாக இருக்கும் என்று நாம் சொல்லவில்லை. துணிப்பையின் விலை நெய்யாத பையை விடக் கூடுதலாகத்தான் இருக்கும். எவர்சில்வர் தட்டு கழுவத் தண்ணீரும் ஆளும் வேண்டும். ஆனால் வீணாகும் 150 சாப்பாட்டைக் குறைத்தாலே இந்தக் கூடுதல் செலவுக்கு வழி பிறந்துவிடும்.

எழுதிக்கொள்வோம்

அந்த இரண்டாண்டில் அதிகம் கசந்த விஷயம் முன்பணம். தேதி குறித்து, மண்டபத்துக்கும் சமையலுக்கும் அட்வான்ஸ் கொடுத்த பிறகு ஊரடங்கு வந்தது. திருப்பிக் கேட்டவருக்கும் நியாயம் இருந்தது. அந்தப் பணத்தில் ஏற்கெனவே ஆடு வாங்கிவிட்டவருக்கும் நியாயம் இருந்தது. எதுவும் எழுதப்படாததால் சொந்தங்கள் பேசாமல் போயின.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி அல்குர்ஆன் நமக்குக் கட்டளையிடுகிறது. அந்த ஒழுங்கை விருந்து ஆர்டர்களிலும் கடைப்பிடிப்போம். எத்தனை பேருக்கு, என்ன விலை, எப்போது பணம், அரசு தடை போட்டால் முன்பணத்தில் எவ்வளவு திரும்ப வரும், தேதி மாற்றினால் என்ன செய்வது என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடலாம். விருந்து முடிந்ததும் அன்றே பாக்கியைத் தீர்த்துவிடுவோம். "நம்ம ஆள்தானே, அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளட்டும்" என்ற பேச்சுதான் உள்ளூர் வணிகர்களைக் கடனாளியாக்குகிறது. உழைத்தவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

தொற்றில் கவனம்

தளர்வு என்றால் நோய் போய்விட்டது என்று பொருளில்லை. மண்டபத்தின் ஜன்னல்களைத் திறந்து வைப்போம். குளிர்சாதன அறையில் ஐந்நூறு பேரை அடைப்பதை விடக் காற்றோட்டமான பந்தல் நல்லது. பந்திகளை நேரம் பிரித்து வைத்தால் நெரிசல் குறையும். காய்ச்சல், இருமல் இருப்பவர்கள் வராமல் இருப்பதே மணமக்களுக்குச் செய்யும் நன்மை. அவர்கள் பங்கை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். 

ரமளானுக்குள் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்கி, ஜமாஅத் நிர்வாகிகளும் ஷவ்வாலில் திருமணம் வைத்திருக்கும் குடும்பத்தாரும் ஊர்ப் பண்டாரிகளும் ஒன்றாக உட்காருங்கள். முதல் வேலையாகத் தொழில் பட்டியலுக்குப் பெயர்களை எழுதத் தொடங்குங்கள். இரண்டாண்டு கவிழ்ந்து கிடந்த தேக்சாக்கள் நிமிரட்டும். அவற்றில் வேகும் ஒவ்வொரு பருக்கையும் ஒரு வயிற்றுக்குப் போய்ச் சேரட்டும்.

நம் திருமணங்களில் பரக்கத்தையும், நம் வியாபாரங்களில் நேர்மையையும், நம் ஊர்களில் ஆரோக்கியத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.